கையாப்போய்க் கோட்டையும் அதன் சந்ததியும்

நேயர்களுக்கு வணக்கம்.

நியூசிலாந்தின் தென் தீவில், இன்றைய கிறைஸ்ட்சர்ச் நகரத்துக்கு வடக்கே, கையாப்போய் என்றொரு கோட்டை ஊர் இருந்தது. 1700 வாக்கில் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளில் ஙாய் தாஹு என்ற இனத்தார் கட்டியது. கோட்டை என்றாலும் கல்மதில் கிடையாது. மூன்று பக்கமும் சதுப்புத் தண்ணீர். தரைப்பக்கம் நெருக்கி நட்ட மர வேலி. அவ்வளவுதான்.

அந்த ஊரில் இருந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள்? எனக்கு எப்போதும் பிடித்த கதை இதுதான். சதுப்பில் விலாங்கு மீன் உண்டு, வயலில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு உண்டு. தெற்கே குளிர் அதிகம், கிழங்கு விளையாது. ஆனால் அங்குள்ள தீவுகளில் கொழுத்த கடற்பறவைக் குஞ்சுகள் கிடைக்கும். அவற்றைச் சமைத்து, அவற்றின் கொழுப்பையே உருக்கி ஊற்றி, கடற்பாசியின் அகன்ற இலையைப் பிளந்து செய்த பையில் அடைப்பார்கள். மேலே மரப்பட்டை சுற்றிக் கட்டுவார்கள். மாதக்கணக்கில் கெடாது. உப்பு இல்லை, பானை இல்லை, கவனியுங்கள்! கிழங்கு தெற்கே போகும், பறவைப் பை வடக்கே வரும். மேற்குக் கரையிலிருந்து மலை தாண்டி, கருவியும் நகையும் செய்யும் பச்சைக்கல்லும் வரும். வேலிக்குள் இருந்தது ஒரு பெரிய சந்தை.

1830களின் தொடக்கத்தில் வடக்கேயிருந்து தே ரௌபராஹா என்ற வேறொரு மாவோரித் தலைவர் படையோடு வந்து முற்றுகையிட்டார். சொன்னேனே, மூன்று பக்கமும் தண்ணீர். அதனால் தரைப்பக்கம் பதுங்குகுழி வெட்டிக்கொண்டே நெருங்கி, வேலியோரம் சுள்ளிகளைக் குவித்தார்கள். காற்று எதிரிப் பக்கம் வீசியபோது, உள்ளே இருந்தவர்களே முந்திக்கொண்டு அதற்குத் தீ வைத்தார்கள். காற்று திரும்பிவிட்டது. வேலியே எரிந்தது. புகையோடு புகையாகச் சதுப்பில் இறங்கித் தப்பியவர்கள் சிலர். செத்தவர்களும் சிறைப்பட்டவர்களும் ஏராளம்.

கதையை இங்கேயே முடித்துவிடுவார்கள் பலர். அது எனக்கு ஆறாத வருத்தம். ஊர்தான் போனது, மக்கள் போகவில்லை. நேரம் குறைவு, சுருக்கமாகச் சொல்கிறேன். 1848இல் ஆங்கில அரசு 2000 பவுன் கொடுத்துத் தென் தீவின் பெரும்பகுதியை வாங்கியது. ஙாய் தாஹு மக்களுக்கென்று ஒதுக்கியது தலைக்குப் பத்து ஏக்கர் கணக்கில். அது போதாது என்று மறு ஆண்டே அரசுக்குக் கடிதம் எழுதியவர் மத்தியாஹா திராமோரெஹு. கையாப்போயில் பிறந்தவர், கோட்டை வீழ்ந்தபின் தெற்கே குடிபெயர்ந்தவர். அந்த வழக்கைத் தலைமுறை தலைமுறையாக நடத்தினார்கள். 1986இல், மாவோரிகளின் குறைகளை விசாரிக்கும் வைத்தாங்கி தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்தவரும் கோட்டைக்குப் பக்கத்து ஊரான துவாஹிவியைச் சேர்ந்தவரே. 1998இல் அரசு மன்னிப்புக் கேட்டு, 170 மில்லியன் நியூசிலாந்து டாலர் கொடுத்தது. அரசு வசமிருந்த பறவைத் தீவுகளும் திரும்பி வந்தன. துவாஹிவியில் அந்தக் கோட்டைக்காரர்களின் சந்ததியார் இன்றும் இருக்கிறார்கள். வணக்கம்.