சாமி இல்லை என்றால் உன்னை யார் தட்டிக் கேட்பது?

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஊர் சுற்றும் வீடியோ இல்லை, மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசப்போகிறேன். பின்னால் கேட்கும் சத்தம் பக்கத்து வீட்டு மோட்டார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் அத்தை கேட்டார்: "ஏண்டா, சாமியும் இல்லைங்கிற, நரகமும் இல்லைங்கிற. அப்புறம் தப்புப் பண்ணா உன்னை யாருடா தட்டிக் கேக்குறது?" கோபமில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வாய் நிறைய ரசம் சோறு, சிரித்துச் சமாளித்துவிட்டேன். அத்தை இந்தச் சேனலைப் பார்ப்பதில்லை. அதனால் இங்கே தைரியமாகச் சொல்லலாம்.

எனக்கு எட்டு வயது. அம்மாவின் அஞ்சறைப் பெட்டியிலிருந்து இருபது ரூபாயைச் சுட்டுவிட்டேன். அப்புறம் பயம் பிடித்து, தெருமுனைப் பிள்ளையார் முன்னால் இருபத்தொரு தோப்புக்கரணம் போட்டேன். ரூபாய்க்கு ஒன்று, வட்டிக்கு ஒன்று. மனசு லேசாகிவிட்டது. அம்மாவோ அந்த வாரம் முழுக்க, பால்காரரிடம் மீதி வாங்க மறந்தோமா என்று குழம்பிக்கொண்டிருந்தார். காசு போனது அம்மாவுக்கு, மன்னிப்புக் கேட்டது பிள்ளையாரிடம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பேச்சை எடுத்தாலே நாம் பெரியாரில் தொடங்குவோம். நான் ஆந்திராவுக்குப் போகிறேன். கோரா என்று ஒருவர், முழுப்பெயர் கோபராஜு ராமச்சந்திர ராவ். 1902இல் பிறந்தவர். தாவரவியல் வாத்தியார், நம் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் கொஞ்ச காலம் பாடம் எடுத்திருக்கிறார். நாத்திகம் பேசியதால் பின்னால் வேலை போனது. 1940இல் கிருஷ்ணா மாவட்டத்து முதுனூர் கிராமத்தில் நாத்திக மையம் தொடங்கினார். 1947இல் அது விஜயவாடாவுக்கு வந்தது.

சாமி இல்லை என்கிறவன் அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி என்றுதானே ஊரில் பேச்சு? கோரா அதைத் திருப்பிப் போட்டார். எல்லாம் அவன் செயல் என்றால் நான் செய்ததற்கும் அவன்தானே பொறுப்பு? அவன் இல்லை என்றால் மனிதனுக்கு முழுச் சுதந்திரம், ஆகவே பழியும் முழுக்க மனிதன் தலையில். தலைவிதி என்று கை கழுவ முடியாது. தீண்டாமை முன்வினைப் பயன் இல்லை, நாம் செய்து வைத்தது. நாம்தான் ஒழிக்க வேண்டும்.

பேச்சோடும் நிற்கவில்லை மனிதர். மகள் மனோரமாவை ஒரு தலித் இளைஞருக்குக் கட்டிக்கொடுக்க முடிவு செய்தார். தன் ஆசிரமம் இருந்த சேவாகிராமத்தில் தானே முன்னின்று நடத்தி வைப்பதாகக் காந்தி சொன்னார், அதுவும் கடவுள் பெயரை விட்டுவிட்டு, சத்தியத்தின் பெயரால். ராம நாமம் விடாத காந்தி! அதற்குள் அவரைக் கொன்றுவிட்டார்கள். 1948 மார்ச்சில், அதே சேவாகிராமத்தில் கல்யாணம் நடந்தது. நம்பியவரும் நம்பாதவரும் ஒரே பந்தலுக்கு வந்து சேர்ந்த கதை இது. அந்தப் பெண்ணையும் பையனையும் பார்த்துத்தான் இரண்டு பேரும் வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அத்தையும் அப்படித்தான். வாங்கிய கைமாற்றைத் தேதி தவறாமல் கொடுத்துவிடுவார். சாமிக்குப் பயந்தா, கொடுத்தவர் முகத்துக்காகவா என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

இப்போது என் கதை. போன வருஷம் ஒரு ராத்திரி, வண்டியை எடுக்கும்போது கீழ்வீட்டுக்காரர் பைக்கில் இடித்து இண்டிகேட்டரை உடைத்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை, கேமராவும் இல்லை. நைசாக மேலே வந்து படுத்துவிட்டேன். காலையில் கீழே ஒரே சத்தம். பந்து விளையாடி உடைத்துவிட்டான் என்று மகனைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பையனின் அழுகை மாடி வரைக்கும் கேட்டது.

இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன். விஷயத்தைச் சொல்லி, அவரிடம் ஐந்நூறு ரூபாயை நீட்டினேன். அவர் வாங்குவதற்குள், பின்னாலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே பையன் வந்தான்.

"அங்கிள், அடி வாங்கினது நானு."

காசு அப்பாவுக்கு, மன்னிப்பு அவனுக்கு என்று முடிவானது. சும்மா விடவில்லை, ஒரு மாசத்துக்குச் சாயங்காலம் பந்து பொறுக்கிப் போட வைத்தான்.