பவர்ஸ்கோர்ட் மாளிகை: பிரபுவின் வீடு கடைத்தெருவான கதை

எல்லோருக்கும் வணக்கம். இன்று நான் எடுத்துக்கொண்டது அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில், சௌத் வில்லியம் தெருவில் இருக்கிற ஒரு வீடு. உள்ளே இன்று நகைக்கடை, துணிக்கடை, காப்பிக்கடை எல்லாம் உண்டு. வீடு 1771 முதல் 1774 வரை கட்டியது. கட்டச் சொன்னவர் மூன்றாம் வைகவுண்ட் பவர்ஸ்கோர்ட் (வைகவுண்ட் என்பது ஒரு பிரபுப் பட்டம்), கட்டிடக்கலைஞர் ராபர்ட் மேக்.

ஊரில் பெரிய பண்ணையும் மாளிகையும் வைத்திருந்தவருக்கு டப்ளினில் எதற்கு இன்னொரு வீடு? அன்று அயர்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் இருந்தது. சபை கூடும் மாதங்களில் பிரபுக்கள் குடும்பத்தோடு தலைநகரத்துக்கு வந்துவிடுவார்கள். அரசியல் பாதி, விருந்து பாதி. விருந்தாளியை அசர வைக்கத்தான் இந்த வீடு.

முகப்பைப் பாருங்கள். டப்ளினின் ஜார்ஜியன் வீடுகள், அதாவது ஜார்ஜ் மன்னர்கள் காலத்து வீடுகள், பெரும்பாலும் செங்கல் முகப்புதான். இவரோ டப்ளினுக்குத் தெற்கே விக்லோவில் இருந்த தன் பண்ணையிலிருந்தே கருங்கல்லைக் கொண்டுவந்தார். ஆனால் தெரு குறுகல். பின்னால் தள்ளி நின்று முழு முகப்பையும் பார்க்க இடம் இல்லை. இவ்வளவு செலவு செய்த மனிதர் மனையை இன்னும் கொஞ்சம் யோசித்து வாங்கியிருக்கலாம்!

சரி, உள்ளே போவோம். இந்த வீட்டில் நான் அதிக நேரம் நிற்கிற இடம் மாடிப்படி. கைப்பிடிக்குக் கீழே இருக்கும் மஹோகனித் தூண் ஒவ்வொன்றிலும் செதுக்கு வேலை. சுவரில் ஜேம்ஸ் மெக்கல்லாவின் சுதை வேலை. இலையும் சுருளும் சுவரைவிட்டுத் துருத்திக்கொண்டு, வலமும் இடமும் ஒத்துப்போகாமல் ஓடும். இது ரொகோகோ பாணி. அங்கிருந்து விருந்தறைக்குள் நுழைந்து விதானத்தை அண்ணாந்து பார்த்தால் வேலையின் குணமே மாறிவிடுகிறது. கோடுகள் மெலிகின்றன, எல்லாம் தட்டையாக, அளந்து வைத்தாற்போல் வரிசையில் அடங்கி நிற்கின்றன. இது மைக்கேல் ஸ்டேப்பிள்டன் கைவேலை. புதிதாக வந்துகொண்டிருந்த நியோகிளாசிக்கல் பாணி. ஒரு நகரத்தின் ரசனை மாறுவதை ஒரே வீட்டுக்குள், நாலு எட்டு நடந்தே பார்த்துவிடலாம்.

1801-இல் அயர்லாந்தைப் பிரிட்டனோடு சேர்த்த இணைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. டப்ளின் நாடாளுமன்றம் கலைந்தது, அதிகாரம் லண்டனுக்குப் போனது. பிரபுக்களுக்கு இங்கே வேலை இல்லை. 1807-இல் வீடு அரசாங்கத்தின் கைக்கு வந்து, முத்திரை வரி அலுவலகமானது. பத்திரத்துக்கும் செய்தித்தாளுக்கும் முத்திரை குத்தி வரி வாங்குகிற இடம். பின்கட்டு முற்றத்தைச் சுற்றிச் செங்கல்லில் புதிய கட்டிடங்கள் எழுந்தன. வடிவமைத்தவர் பிரான்சிஸ் ஜான்ஸ்டன்; பின்னாளில் டப்ளின் பொதுத் தபால் நிலையத்தைக் கட்டிய அதே ஆள்.

1830-களில் ஃபெரியர் பொல்லாக் என்ற மொத்த ஜவுளி வியாபாரிகள் வந்தார்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஜவுளிதான்.

வீட்டில் கடை வந்ததும் வீடு போச்சு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1960-களில் இதே டப்ளினில், ஃபிட்ஸ்வில்லியம் தெருவில், மின்வாரியம் தன் அலுவலகத்துக்காக 16 ஜார்ஜியன் வீடுகளை வரிசையாக இடித்தது. பவர்ஸ்கோர்ட் மாளிகைக்கு அந்தக் கதி வரவில்லை. 1981-இல் அது வணிக வளாகமாகத் திறந்தது. முற்றத்துக்கு மேலே கண்ணாடிக் கூரை போட்டார்கள். வெட்டவெளி முற்றம் போனதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் கூரை இல்லாமல் டப்ளின் மழையில் யார் வந்து உட்காருவார்கள்? இன்று அது சட்டப் பாதுகாப்புப் பெற்ற கட்டிடம். இஷ்டத்துக்குச் சுவரை உடைக்க முடியாது.

போகிறவர்களுக்கு ஒன்று: சௌத் வில்லியம் தெரு முன்வாசல் வழியாகவே நுழையுங்கள். பின்பக்கம் கிளாரெண்டன் தெருவிலிருந்து வந்தால் முதலில் எதிர்ப்படுவது வரி அலுவலகத்தின் செங்கல் கட்டிடம்தான். பிரபுவின் வீடு அப்புறம்தான் வரும்.