சிவப்பு கிரீஸை நம்பிக் கெட்ட புஷ் | லோடர், டிராக்டர் கிரீஸ் வ்லாக்

வணக்கம் மக்களே. ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணி. இந்நேரம் சிங்கப்பூர் தேக்காவில் உட்கார்ந்து இட்லி சாப்பிட வேண்டிய ஆள், சுங்கை காடுட் பக்கம் ஒரு யார்டில் கையில் கிரீஸ் கன்னோடு நிற்கிறேன். முதலாளியிடம் கேட்டுத்தான் வீடியோ எடுக்கிறேன். வண்டி நம்பரும் கம்பெனி பெயரும் தெரியக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், அதனால் இந்த மூலையிலேயே நின்று பேசுகிறேன்.

புதுக்கோட்டையிலிருந்து ஒரு தம்பி புதிதாக வேலைக்கு வந்திருக்கிறான். முந்தாநாள் ஸ்டோரில் நின்றுகொண்டு, "அண்ணே, சிவப்பு டின்னை எடுக்கவா, நீல டின்னை எடுக்கவா?" என்று கேட்டான். சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் வயிற்றெரிச்சலும் வந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால் நானும் நிறத்தைப் பார்த்துத்தான் கிரீஸ் எடுத்தேன்.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போது வேறு யார்டில் இருந்தேன். ஒரு வீல் லோடர், நாள் முழுக்க ஈர மணல் அள்ளும் வண்டி. ஒரு நாள் எங்கள் டின் காலி. பக்கத்து யார்டில் கேட்டேன், ஒரு டின் கொடுத்தார்கள். திறந்து பார்த்தால் நம்முடையதைப் போலவே சிவப்பு, விரலில் தொட்டால் அதே பிசுபிசுப்பு. வண்டியின் நடுவில் இரண்டாக மடங்குமே, அங்கே இருக்கும் சென்டர் பின் என்ற இரும்புத் தண்டுக்கு நிறைய அடித்துவிட்டேன். மூன்றாம் நாள் மதியம் பார்க்கிறேன், பின்னிலிருந்து கிரீஸ் தேங்காய் எண்ணெய் மாதிரி ஒழுகித் தரையில் சொட்டுகிறது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? "அட, நிறைய அடித்துவிட்டோம் போல, மிச்சம் வடிகிறது" என்று துடைத்துவிட்டுப் போய்விட்டேன். இரண்டு வாரத்தில் வண்டியைத் திருப்பும்போதெல்லாம் பழைய கதவு திறக்கிற மாதிரி கிரீச் சத்தம். கழற்றிப் பார்த்தால், பின்னைச் சுற்றி வட்டமாக இருக்க வேண்டிய புஷ் என்ற உலோக வளையம் முட்டை வடிவத்தில் தேய்ந்து கிடக்கிறது. பின்னை வெளியே எடுக்கவே இரண்டு நாள் ஆனது.

அங்கே ஒரு சீன அங்கிள் மெக்கானிக் இருந்தார். எல்லாரையும் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். அவர் திட்டவில்லை. அந்தக் காலி டின்னை எடுத்துவந்து, பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததை விரலால் காட்டினார். பெண்டோனைட் என்று இருந்தது. அதாவது களிமண். எங்கள் வண்டியில் முதலில் இருந்தது லித்தியம் காம்ப்ளெக்ஸ், லித்தியம் சோப்பு வகை. இரண்டும் ஒன்றாகச் சேரக் கூடாத ஜாதி.

சரி, ஏன் சேரக் கூடாது? கிரீஸ் என்பது அடிப்படையில் எண்ணெய்தான். பெரும்பகுதி எண்ணெய், அதைப் பிடித்து வைத்துக்கொள்ள ஒரு கெட்டிப்பொருள், கொஞ்சம் மருந்து. ஸ்பாஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்பாஞ்சு எண்ணெயைப் பிடித்து வைத்திருந்து, அழுத்தும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. வழுக்கிவிடுவது எண்ணெயின் வேலை, கசிந்து ஓடாமல் அங்கேயே நிற்க வைப்பது ஸ்பாஞ்சின் வேலை. லித்தியம் சோப்பு ஒரு வகை ஸ்பாஞ்சு, கால்சியம் சல்ஃபோனேட் ஒரு வகை, பாலியூரியா ஒரு வகை, களிமண் ஒரு வகை. ஒத்துவராத இரண்டைக் கலந்தால் ஒன்று மற்றதன் பிடியைக் கெடுத்துவிடும். எண்ணெய் வழிந்து ஓடும், இல்லையென்றால் உள்ளேயே இறுகிக் கட்டியாகும். எனக்கு வழிந்தது.

நிறம்? அது சாயம், அவ்வளவுதான். கம்பெனிக்குக் கம்பெனி இஷ்டத்துக்குப் போடுவார்கள். அதனால் தம்பிக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன், டின்னின் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள், திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள்.

இதோ, கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன். தெரிகிறதா? என்எல்ஜிஐ 2. இது கெட்டித்தன்மையின் எண். 000-இல் தொடங்கி 6 வரை போகும். ஒரு கூம்பை 25 டிகிரி சூட்டில் இருக்கும் கிரீஸில் 5 விநாடி இறங்க விட்டு, எவ்வளவு ஆழம் போகிறது என்று அளக்கிறார்கள். 26.5-லிருந்து 29.5 மில்லிமீட்டர் இறங்கினால் அது 2. நம் கணக்கில் சொன்னால், 1 என்பது தக்காளி விழுது, 2 என்பது ரொட்டியில் தடவும் பீநட் பட்டர், 3 என்பது டால்டா. குளிர் நாடுகளில் பனிக்காலம் வந்தால் 1, 0 என்று இறங்குவார்கள், இல்லாவிட்டால் கன்னில் ஏறாது. நமக்கு அந்தக் கவலை இல்லை. காலையில் 25, மதியம் 32, வருடம் முழுக்க இதேதான். கையால் அடிக்கிற லோடருக்கு 2 போதும். தானாகக் கிரீஸ் போகிற ஆட்டோ லூப் பைப் இருக்கிற வண்டி என்றால் மட்டும் மேனுவலைப் பாருங்கள், அதற்கு இளகலான கிரீஸ் கேட்கலாம்.

இங்கேதான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். 2 என்பது கிரீஸின் கெட்டி. உள்ளே இருக்கும் எண்ணெயின் தடிமன் வேறு கணக்கு. கீழே பாருங்கள், பேஸ் ஆயில் விஸ்காசிட்டி 460 என்று இருக்கிறது. சாதாரண மல்டி பர்ப்பஸ் கிரீஸில் பெரும்பாலும் 220 பக்கம் இருக்கும். லோடரின் பக்கெட் பின் வேகமாகச் சுற்றுவதில்லை. மெதுவாக, கொஞ்சமாக, பெரிய பாரத்தோடு அசைகிறது. அந்த மாதிரி இடத்தில் மெல்லிய எண்ணெய் பிதுங்கி வெளியே ஓடிவிடும், தடித்த எண்ணெய் நிற்கும். வேகமாகச் சுற்றும் பேரிங்கில் இதற்கு நேர் எதிர். தடித்ததைப் போட்டால் சூடாகும்.

அப்புறம் மோலி. மாலிப்டினம் டைசல்ஃபைடு, சாம்பல் கலந்த கறுப்பு. பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் எண்ணெய்ப் படலம் கிழிந்துபோனாலும் இந்தப் பொடி நின்று இரும்போடு இரும்பு உரசாமல் தாங்கும். பக்கெட் பின், அதைத் தூக்கும் கையில் இருக்கும் பூம் பின் இதற்கெல்லாம் 3-லிருந்து 5 சதவீதம் மோலி கலந்தது நன்றாக வேலை செய்யும். கறுப்பாக இருப்பதெல்லாம் மோலி என்று நினைத்துவிடாதீர்கள், கிராஃபைட் போட்டாலும் கறுப்புதான். மறுபடியும் பின்பக்கம்தான் படிக்க வேண்டும்.

இந்த ஊரில் வருடத்துக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதனால் சூட்டைவிடத் தண்ணீரைத்தான் நான் பார்ப்பேன். கிரீஸ் வெளுத்துப் பால் கலந்த மாதிரி வந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். கால்சியம் சல்ஃபோனேட் தண்ணீரை நன்றாகத் தாங்கும், துருவும் பிடிக்க விடாது, விலைதான் கூட. கடல் மணல், உப்புக் காற்று என்று வேலை செய்கிற வண்டிக்கு நான் முதலாளியிடம் அதைத்தான் வாங்கச் சொல்வேன். ஆனால் பழைய கிரீஸிலிருந்து மாறும்போது சும்மா மேலே அடிக்கக் கூடாது. பழையது முழுக்க வெளியே வரும்வரை அடித்து, அடுத்த சில நாள் அடிக்கடி அடிக்க வேண்டும். முடிந்தால் கழற்றித் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

சரி, இப்போது அடித்துக் காட்டுகிறேன். பக்கெட்டைத் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துப் பையில் போட்டாயிற்று. பாரம் தொங்கிக்கொண்டிருந்தால் பின் ஒரு பக்கமாக அழுந்தியிருக்கும், அந்தப் பக்கம் கிரீஸ் போகாது.

முதலில் துணி. நிப்பிளை, அதாவது கிரீஸ் ஏற்றும் சின்ன முனையை, துடைக்காமல் கன்னை வைத்தால், வாயில் ஒட்டியிருக்கும் மணலை நீங்களே பேரிங்குக்கு ஊட்டிவிடுகிறீர்கள். துடைத்தாயிற்று. நேராக வைத்து அழுத்துகிறேன், டக். ஒன்று, இரண்டு, மூன்று... பின்னின் ஓரத்தைப் பாருங்கள். கறுப்பாக, நரநரவென்று மணலோடு பழையது வருகிறது. ஆறு, ஏழு... இதோ, புதுசு எட்டிப் பார்க்கிறது. போதும். அந்தப் புது வளையத்தைத் துடைக்க மாட்டேன், தூசி உள்ளே போகாமல் அதுவே வேலியாக நிற்கும்.

எத்தனை அடி, அதாவது கன்னை எத்தனை தடவை அழுத்துவது என்று கேட்பீர்கள். என் கன் ஒரு அடிக்கு எவ்வளவு தள்ளுகிறது என்று, டார்மெட்ரியில் சமையலுக்கு வைத்திருக்கும் தராசில் ஒரு பிளாஸ்டிக் பையைப் போட்டு அளந்தேன். 10 அடிக்கு 11 கிராம். ரூமில் கூட இருப்பவர்கள் அந்தத் தராசை ஒரு வாரம் தொடவில்லை. உங்கள் கன் வேறாக இருக்கும், ஒருமுறை அளந்து பாருங்கள். சீல் போட்ட பேரிங்கில் புதுசு வெளியே வரும்வரை அடிக்கக் கூடாது, சீல் பிய்ந்துவிடும். அங்கே மேனுவல் சொல்லும் அளவோடு நிறுத்துங்கள்.

ஏறாத நிப்பிளோடு சண்டை போடாதீர்கள். கழற்றிப் புதுசு போடுங்கள், ஒன்றிரண்டு வெள்ளி, அதாவது டாலர்தான். இந்தக் கைக் கன்னே 10,000 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) வரை அழுத்தம் கொடுக்கும். ஹோஸில் ஓட்டை இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கவே பார்க்காதீர்கள். கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே எறும்பு கடித்த மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூடப் பெரிதாக இருக்காது. உள்ளே சதை அழுகிக்கொண்டிருக்கும். நாளைக்குப் பார்ப்போம் என்று பனடோல் போட்டுப் படுத்தால் விரலே போகலாம். உடனே ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போய், கிரீஸ் அழுத்தத்தில் உள்ளே போனது என்று சொல்லுங்கள்.

அந்தப் பக்கம் நிற்பது புல் வெட்டும் டிராக்டர். பின்னால் இன்ஜின் சக்தியை வெட்டும் கருவிக்குக் கொண்டுபோகும் பிடிஓ தண்டில், மடங்கிச் சுற்றும் இரண்டு யுனிவர்சல் ஜாயிண்டுக்கும் 8 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை அடிக்கிறோம். எல்லாரும் மறப்பது அந்த நீளும் குழாயை. அது காய்ந்துபோனால் நீள மறுத்து, கியர்பாக்ஸ் பேரிங்கை உதைக்கும். தண்டை மூடியிருக்கும் பாதுகாப்பு உறையை (கார்டை) கழற்றிவிட்டு ஓட்டுகிற வீரர்களைப் பற்றி இன்னொரு நாள் பேசுகிறேன்.

டிராக்டர் என்றதும் அப்பா ஞாபகம். மன்னார்குடிப் பக்கம் எங்கள் வண்டிக்கு ஏபி3 தவிர வேறு கிரீஸ் அவருக்குத் தெரியாது. அதில் அந்த 3 என்பதும் இதே கெட்டித்தன்மை எண்தான். வீல் பேரிங்கில் கையால் அடைப்பதற்கு அது நல்ல கிரீஸ், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நிப்பிள் வழியாகத் தள்ளக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் போட்டுச் சேற்றுழவு ஓட்டும் நாட்களில் முன் அச்சு சேற்றிலேயே கிடக்கும். மேனுவலில் 50 மணி என்று இருந்தாலும், சாயங்காலம் வண்டியைக் கழுவினதும் அடித்துவிட வேண்டும். சூடு ஆறுவதற்குள் அடித்தால் சேற்றுத் தண்ணீர் வெளியே வரும், மறுநாள் காலை என்றால் அது ராத்திரி முழுக்க உள்ளேயே ஊறும். அப்பாவிடம் போனில் இதைச் சொன்னேன். "உன் வயசுக்கு முன்னாலிருந்து அப்படித்தான்டா செய்யறேன்" என்றார்.

துடைத்த துணியும் பழைய கிரீஸும் இந்த மூடி போட்ட டிரம்முக்குள். எடுத்துப்போக லைசென்ஸ் வாங்கிய ஆள் வருவார். காலி டின்களைக் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும், மழைத் தண்ணீர் தேங்கிக் கொசுப்புழு வந்தால் சுற்றுப்புற வாரியமான என்இஏ அபராதம் போடும்.

மேலே பாருங்கள், ஜொகூர் பக்கம் நன்றாகக் கறுத்துவிட்டது. தம்பி, அந்த டின்னை மூடுடா முதலில். அட, சிவப்பு இல்லை, அந்த 460.