பேட்டி கொடுக்குறதுக்கு முன்னாடி

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடியிலேர்ந்து வந்திருக்கேன். என் மகளுக்கு ஏழு வயசுல டைப் ஒன் சுகர்னு கண்டுபிடிச்சாங்க, அன்னையிலேர்ந்து தினமும் இன்சுலின் ஊசிதான். நவம்பர் 14 குழந்தைகள் தினம், அதே நாள்தான் உலக நீரிழிவு நாளும், அதனால அந்த வாரம் நிருபர்கள் போன் பண்ணுவாங்க. முதல் தடவை கேட்டப்ப நான் அழுதுக்கிட்டே மனசுல கிடந்ததெல்லாம் கொட்டிட்டேன். கல்யாண வீட்டுல கும்மாயம், எங்க பக்கத்து இனிப்பு, அது வேணும்னு புள்ள அடம் பிடிச்சதையும் சொன்னேன். மறுநாள் பேப்பர்ல இனிப்பு தின்னுதான் சுகர் வந்துச்சுன்னு போட்டு, பக்கத்துலயே ஸ்கூல் யூனிஃபார்மோட அவ போட்டோ. ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகமாட்டேன்னு உக்காந்துட்டா.

டைப் ஒன் இனிப்பு தின்னு வர்றதில்லைங்க. உடம்போட எதிர்ப்பு சக்தியே கணையத்துல இன்சுலின் சுரக்குற செல்லை அழிச்சுடுது, அப்புறம் வெளியிலேர்ந்து இன்சுலின் போட்டாத்தான் உசுரு. 1922 ஜனவரில டொரண்டோவுல முதமுதல்ல இன்சுலின் ஊசி போட்டதே 14 வயசு பையனுக்குத்தான். இதை நிருபர்கிட்ட நான் சொல்லியிருக்கணும், சொல்லத் தெரியல.

அதான் இப்ப ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு முகப்புல ஏழெட்டு பெத்தவங்க கூடுறோம். ஒருத்தர் போனை மைக் மாதிரி நீட்டிக் கேக்கணும், இன்னொருத்தர் அரை நிமிஷத்துக்குள்ள பதில் சொல்லணும், பதிவு பண்ணித் திரும்பப் போட்டுக் கேப்போம். ஒரு ஆச்சி (அவங்க சம்மதத்தோடதான் சொல்றேன், ஊரு பேரெல்லாம் வேணாம்) எப்படித் தெரிஞ்சதுன்னு கேட்டதும் மகன் படுக்கையை நனைச்ச கதையை ஆரம்பிச்சுட்டாங்க. அந்தப் பையன் தூணுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தான், தலையே நிமிரல. நான் போனை இறக்கிட்டேன். ஆச்சி, அதையே வேற மாதிரி சொல்லுங்கன்னேன். நாலஞ்சு தடவை முயற்சி பண்ணி கடைசியில சொன்னாங்க பாருங்க, "நல்லா தூங்குற புள்ள திடீர்னு ராத்திரி அடிக்கடி ஒண்ணுக்குப் போனா, தண்ணி தண்ணின்னு கேட்டா, சாப்பிட்டும் இளைச்சுட்டே போனா, தள்ளிப்போடாம அன்னைக்கே ரத்தத்துல சுகர் பாருங்க." கேக்குற இன்னொரு அம்மாவுக்கு வேண்டிய விஷயம் அத்தனையும் இதுல இருக்கு, அந்தப் பையன் மட்டும் அதுல இல்ல.

மத்தபடி சின்னச் சின்னதுதான், நேரலையா பதிவான்னு முன்னாடியே கேட்டுக்கணும், ஸ்கூல் பேரு சொல்லக்கூடாது, மருந்து அளவு கேட்டா டாக்டரைக் கேளுங்கன்னு விட்டுடணும். கண்ணு கலங்குனா கொஞ்சம் இருங்கன்னு சொல்லி நிறுத்தலாம், தப்பே இல்ல. ஆனா புள்ளைகிட்ட கேக்காம அவ போட்டோவைக் கொடுக்காதீங்க, கெஞ்சிக் கேக்குறேன்.

என் மக இப்ப பத்தாவது. இன்னைக்குப் பேசப்போறதை எழுதி நேத்து ராத்திரி அவகிட்ட படிச்சுக் காட்டினேன், பேனாவை வாங்கி ரெண்டு வரியை அடிச்சுட்டா. அந்த ரெண்டையும் விட்டுட்டுத்தான் இவ்வளவு நேரம் பேசினேன். வணக்கம்.