குடும்பத் தலைவர் என்ன வேலை பார்க்கிறார்?

நேயர்களுக்கு வணக்கம். மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போனவர்களில் சிலரிடம், நோயைப் பற்றி விசாரித்த கையோடு மூன்று கேள்விகள் கேட்டிருப்பார்கள். குடும்பத் தலைவர் எதுவரை படித்தார்? என்ன வேலை? வீட்டின் மாத வருமானம் எவ்வளவு? மருத்துவ மாணவர்கள் ஆய்வுக்காகக் கேட்பது இது. குப்புசாமி அளவுகோல் என்று பெயர். நகரக் குடும்பங்களுக்காக 1976இல் வகுத்தார்கள். படிப்புக்கு 7, வேலைக்கு 10, வருமானத்துக்கு 12 மதிப்பெண் வரை. கூட்டினால் 26உம் அதற்கு மேலும் மேல்தட்டு, 5க்குக் கீழே அடித்தட்டு, இடையில் மூன்று படிகள். விலைவாசிக்கேற்ப வருமான வரம்பை அவ்வப்போது மாற்றிக்கொள்கிறார்கள்.

இப்படி அளப்பது தேவையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ரத்தசோகையும் காசநோயும் எந்த வீடுகளை அதிகம் தாக்குகின்றன என்று தெரிய ஓர் அளவு வேண்டும். ஆனால் தெற்குவாசல் பக்கம் ஒரு காம்பவுண்டு வீட்டை நினைத்துப் பாருங்கள். கணவர் பத்தாவது படித்தவர், இப்போது வேலையில்லை. மனைவி விடியுமுன் மாட்டுத்தாவணிக்குப் போய் மல்லிகை வாங்கி வந்து, வாசற்படியில் உட்கார்ந்து மதியம்வரை தொடுத்து, சாயங்காலம் கோயில் பக்கம் விற்கிறார். வாடகை, பிள்ளைகளின் ஃபீஸ் எல்லாம் அந்தக் கூடையிலிருந்துதான். படிவத்திலோ தலைவர் கணவர். படிப்புக்கு 4, வேலைக்கு 1. அந்த அம்மாவின் உழைப்பு வருமானக் கட்டத்துக்குள் பெயரில்லாமல் போய்ச் சேர்கிறது.

2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகைத் திட்டத்தில் அவர்தான் குடும்பத் தலைவி. அங்கே அளவும் வேறு: ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்குள். சரி, ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் இருந்தால் யார் கணக்கில் எவ்வளவு?

அப்புறம், இந்த அளவுகள் எதிலும் சிக்காத படிநிலை ஒன்று நம் மாவட்டத்திலேயே உண்டு. உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பிய சுவர் தலித் மக்களின் குடியிருப்பைத் தனியாகப் பிரித்து நின்றது. அதில் ஒரு பகுதியை இடித்து வழிவிட்டது 2008 மே 6 அன்றுதான். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது 1996இல். ஒரு தலைவர் பதவியில் நிலைக்க 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுவரின் இரண்டு பக்கமும் ஒரே கூலி, ஒரே படிப்பு, ஒரே மதிப்பெண் பெறும் வீடுகள் இருந்திருக்கும். தலித் குடியிருப்புப் பக்கத்துப் பையன் பட்டம் வாங்கி அரசு வேலைக்குப் போனால் மதிப்பெண் மளமளவென்று ஏறிவிடும். திருவிழாவன்று ஊர் அவனை எங்கே நிறுத்துகிறது என்று எந்தக் கட்டத்தில் எழுதுவது? இது என்னை விடாமல் உறுத்துகிறது.

எல்லாச் சாதிகளையும் எண்ணி வெளியிட்ட கடைசிக் கணக்கெடுப்பு 1931இல் நடந்தது. 2027 கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று அரசு அறிவித்திருக்கிறது. படிப்பு, வேலை, சாதி மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க அது வழிசெய்ய வேண்டும். உங்கள் வீட்டுக்கு வருபவர் குடும்பத் தலைவர் யார் என்றும் கேட்பார். வீட்டார் யாரைச் சொல்கிறார்களோ அவரைத்தான் எழுதுவார்கள். சம்பாதித்து வீட்டை நடத்துவது பெண் என்றால் அவர் பெயரையே சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.