அந்த ஃபிளாஸ்க்கில் இருப்பது யாருடைய செல்? பெயர் மாறிப்போன புற்றுநோய் செல்களும் அவற்றை நம்பி வந்த கட்டுரைகளும்

[திரையில்: இளஞ்சிவப்புத் திரவம் ஊற்றிய சிறிய ஃபிளாஸ்க். மேலே மார்க்கர் பேனாவில் எழுதிய பெயர்: ஹெப்-2]

வணக்கம். இந்த ஃபிளாஸ்க்கில் எழுதியிருக்கும் பெயரைப் பாருங்கள். ஹெப்-2. 1950-களில் குரல்வளைப் புற்றுநோயிலிருந்து உருவாக்கியது என்று சொல்லப்பட்ட செல் லைன், அதாவது ஒருவரின் திசுவிலிருந்து எடுத்து லேபில் தொடர்ந்து வளர்த்துவரும் செல்கள். அதை வைத்துக் குரல்வளைப் புற்றுநோய் பற்றி எத்தனையோ கட்டுரைகள் வந்துவிட்டன, இன்னும் வருகின்றன. ஆனால் உலகம் முழுக்க லேபுகளில் இந்தப் பெயரில் வளர்வது கருப்பைவாய்ப் புற்றுநோய் செல். ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் உடலிலிருந்து 1951-இல் எடுத்தது.

பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு சிகிச்சைக்கு வந்தவர் அவர். அவருடைய கட்டியிலிருந்து ஒரு துண்டை, அவரிடம் கேட்காமலே, ஜார்ஜ் கை என்பவரின் லேபுக்கு அனுப்பினார்கள். அதுவரை அங்கே வந்த மனித செல்களெல்லாம் சில நாட்களில் செத்துப்போயின. இவை மட்டும் நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிக்கொண்டே இருந்தன. அதே வருடம் அக்டோபரில், 31 வயதில், ஹென்ரியெட்டா இறந்துபோனார். ஹீலா என்று பெயர் வைத்த அவருடைய செல்கள் போலியோ தடுப்பூசிச் சோதனையில் தொடங்கி உலகின் எல்லா மூலைக்கும் போய்ச் சேர்ந்தன.

சரி, ஹீலா எப்படிக் குரல்வளை செல்லின் ஃபிளாஸ்க்குக்குள் வந்தது? செல் வளர்த்தவர்களுக்கு இது புரியும். ஹூடு என்ற கிருமி புகாத பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, செல்களுக்கு உணவான பழைய மீடியத்தை எடுத்துவிட்டு, ஒட்டியிருப்பதை விடுவிக்கும் டிரிப்சின் ஊற்றி, செல்களைப் பிரித்துப் புது ஃபிளாஸ்க்கில் போடுகிறோம். அவசரத்தில் ஒரே மீடியம் பாட்டிலை இரண்டு செல் லைனுக்கும் திறக்கிறோம், பைபெட்டின் நுனி எங்கேயோ படுகிறது, கண்ணுக்குத் தெரியாத ஒரு சொட்டு தெறிக்கிறது. அவ்வளவு போதும். ஹீலா 24 மணி நேரத்தில் இரட்டிக்கிறது, உங்கள் செல்லுக்கு 48 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஹீலாவின் பங்கு உங்கள் செல்லோடு ஒப்பிட்டால் இரு மடங்காகும். 40 நாளில் அது இருபது முறை நடக்கும், அதாவது ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு. பத்து லட்சம் செல்லுக்கு நடுவில் ஒரே ஒரு ஹீலா விழுந்திருந்தாலும் நாற்பதாவது நாள் பாதிக்குப் பாதி ஆகிவிடும், அதற்கப்புறம் உங்கள் செல் இருந்த இடம் தெரியாது. ஃபிளாஸ்க்கின் மேலே எழுதிய பெயர் மட்டும் அப்படியே இருக்கும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்து மட்டும் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

முதலில் கண்டுபிடித்தவர் ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியலாளர். 1966-இல், தனித்தனி என்று எல்லோரும் நம்பிய 18 செல் லைன்களில் ஒரே மாதிரி ஜி6பிடி நொதி இருக்கிறது என்று ஒரு மாநாட்டில் சொன்னார். அந்த வகை நொதி பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம்தான் இருக்கும், ஹென்ரியெட்டா ஒரு கறுப்பினப் பெண். அரங்கில் இருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை, தங்கள் பல வருட வேலை அந்தச் செல்களில்தான் இருந்தது. அப்புறம் 1970-களில் வால்டர் நெல்சன்-ரீஸ் என்ற ஆய்வாளர் குரோமோசோம்களைப் பார்த்து, எந்தெந்த செல் லைன் உண்மையில் ஹீலா என்று பட்டியல் போட்டு சயின்ஸ் இதழில் வெளியிட்டார். கல்லீரல் என்று சொன்ன சாங் லிவர், குடல் என்று சொன்ன இன்டஸ்டைன் 407, வாய்ப் புற்றுநோய் என்று சொன்ன கேபி, எல்லாமே ஹீலாதான்.

ஹீலா மட்டுமே காரணம் என்று நினைக்க வேண்டாம். எம்.டி.ஏ-எம்.பி-435 என்ற செல்லை மார்பகப் புற்றுநோய் என்று சொல்லி எலிகளுக்கு ஊசி போட்டார்கள், அது நுரையீரலுக்குப் பரவும் என்பதால் பரவலை ஆராய வசதியாக இருந்தது. 2000-இல் ஜீன் செயல்பாட்டை அளந்தபோது தோல் புற்றுநோயான மெலனோமா மாதிரி இருப்பதாகச் சந்தேகம் வந்தது. 2007-இல் எம்14 என்ற மெலனோமா செல்லும் இதுவும் ஒன்றே என்று உறுதியானது. எனக்கு இதில் எலிகளைத்தான் மறக்க முடியவில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு விடை தேடுவதாக நினைத்து, கட்டி வளர்த்து, கொன்று, நுரையீரலை எடுத்துப் பார்த்த எலிகள்.

இது எலிகளோடு நிற்கவில்லை, மனிதர்கள் வரை வந்தது. உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கான எஸ்.இ.ஜி-1, பி.ஐ.சி-1 என்ற செல் லைன்கள் உண்மையில் நுரையீரல், பெருங்குடல் புற்றுநோய் செல்கள் என்று 2010-இல் தெரியவந்தது. அதற்குள் இப்படிப்பட்ட செல்களை நம்பி நூற்றுக்கு மேல் கட்டுரைகள், 11 அமெரிக்கக் காப்புரிமைகள், நோயாளிகளைச் சேர்த்து நடந்துகொண்டிருந்த மருத்துவச் சோதனைகள் வரை போய்விட்டது. உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய் என்று சொன்ன ஆறு செல் லைன்களை 2009-இல் சோதித்தபோது ஒன்றுகூடச் சரியில்லை, அவற்றில் இரண்டு மனித செல்லே இல்லை.

[திரையில்: 32,755]

2017-இல் நெதர்லாந்தின் இரு ஆய்வாளர்கள் எண்ணிய கணக்கு இது. தவறான செல் லைன்களை வைத்து வந்த கட்டுரைகள் இத்தனை. அவற்றை மேற்கோள் காட்டியவை ஏறக்குறைய ஐந்து லட்சம்.

ஜர்னலில் மதிப்பீடு செய்பவர்களுக்குச் செல் கண்ணில் படாது, செய்முறைப் பகுதியில் எழுதிய பெயர்தான் தெரியும். வெளிவந்த பின் தவறு தெரிந்தாலும் பெரும்பாலான கட்டுரைகளில் ஒரு குறிப்புகூட சேர்ப்பதில்லை. திருத்தம் போட்டால் மோசடி என்று பெயர் வந்துவிடுமோ என்ற பயம் எழுதியவர்களுக்கு. தெரியாமல் நடந்த தவறுக்கும் பொய்க்கும் வித்தியாசம் இருக்கிறது, அதை ஜர்னல்கள் வெளிப்படையாகச் சொல்லிக் கட்டுரையின் தலைப்பருகிலேயே குறிப்புப் போட வேண்டும் என்பது என் கருத்து. எல்லாவற்றையும் திரும்பப் பெறத் தேவையில்லை. எல்லா செல்லுக்கும் பொதுவான ஒரு விஷயத்தைச் சோதித்திருந்தால் முடிவு நிற்கலாம், உறுப்பைக் குறிப்பிட்டுச் சொன்ன முடிவு நிற்காது.

சோதிக்கும் வழி ஒன்றும் புதிதில்லை. குற்ற வழக்குகளில் ஆளை அடையாளம் காணப் பயன்படும் எஸ்.டி.ஆர் டி.என்.ஏ. சோதனையேதான், டி.என்.ஏ.வில் திரும்பத் திரும்ப வரும் சிறு துண்டுகளின் எண்ணிக்கையை ஒப்பிடுவது. மூல செல்லின் பதிவோடு 80 சதவீதமோ அதற்கு மேலோ பொருந்தினால் ஒரே ஆளுடையது என்று எடுத்துக்கொள்கிறார்கள். இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் கேன்சர் போன்ற சில இதழ்கள் இந்தச் சோதனை இல்லாமல் கட்டுரையை ஏற்பதில்லை.

முனைவர் பட்ட மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து வாங்கினாலும் சரி, பக்கத்து லேபில் நட்புக்காகக் கொடுத்தாலும் சரி, செல் வந்த அன்றே சில சிறு குப்பிகளில் உறைய வைத்துவிட்டு ஒன்றைச் சோதனைக்கு அனுப்புங்கள். கட்டுரையில் எங்கிருந்து, எந்தத் தேதியில், எத்தனையாவது பாஸேஜ் (புது ஃபிளாஸ்க்குக்கு மாற்றிய முறை) என்று எழுதுங்கள். அதற்கும் முன்னால், இன்றே, உங்கள் ஃபிரீசர் பட்டியலில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக செல் லைன்களின் தகவல் தொகுப்பான செல்லோசாரஸ் தளத்தில் தட்டிப் பாருங்கள், காசு எதுவும் கேட்காது. ப்ராப்ளமாட்டிக் செல் லைன், அதாவது சிக்கலுள்ள செல் லைன், என்று எதற்காவது வந்தால், அடுத்த சோதனையைத் தொடங்கும் முன் அந்தப் பக்கத்தை உங்கள் கைடிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.