ஒரு லிட்டர் இளமை, 8,000 டாலர்

நண்பர்களே, வணக்கம். 'இளைஞர் ரத்தம் ஏற்றினால் முதுமை ஓடிவிடும்' என்ற பேச்சு உங்கள் காதுக்கும் எட்டியிருக்கும். அது எங்கிருந்து கிளம்பியது என்று பார்ப்போம்.

2005. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். இரினா கான்பாய், அவர் கணவர் மைக்கேல், தாமஸ் ராண்டோ ஆகியோரின் குழு ஒரு கிழட்டுச் சுண்டெலியையும் ஓர் இளசையும் விலாப்பக்கம் தோலைக் கீறி, ஒட்டித் தைத்தது. காயம் ஆறும்போது ரத்த நுண்குழாய்கள் இணைந்துவிடும். இரண்டு உடம்புக்கும் ஒரே ரத்த ஓட்டம். சில வாரம் கழித்துக் கிழட்டு எலியின் கால் தசையைக் காயப்படுத்தினார்கள். இளசுக்கு ஆறுவதுபோல் ஆறியது! பத்திரிகைகள் சும்மா இருக்குமா?

கொஞ்சம் யோசியுங்கள். கிழட்டு எலிக்குக் கிடைத்தது ரத்தம் மட்டுமா? இளசின் கல்லீரலும் சிறுநீரகமும் அதற்கும் சேர்த்தல்லவா உழைத்தன!

கான்பாய் தம்பதியே இதை விடவில்லை. 2016-ல் தையல் போடாமல், குழாய் வழியாக ரத்தத்தை மட்டும் மாற்றினார்கள். கிழட்டு எலியின் தசை தேறியது, மூளை தேறவில்லை. கிழ ரத்தம் ஏறிய இளம் எலிக்கோ மூளையில் புது நரம்புச் செல்கள் பிறப்பதே குறைந்துபோனது. 2020-ல் கிழட்டு எலியின் பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியில், பாதியை எடுத்துவிட்டு உப்புநீரும் அல்புமின் என்ற புரதமும் செலுத்தினார்கள். இளசின் ரத்தம் ஒரு சொட்டுகூட இல்லை. அப்போதும் தசை தேறியது! புதிதாகச் சேர்ப்பதைவிட, பழைய ரத்தத்தில் மிகுந்துபோனதை நீர்க்கச் செய்வதே முக்கியம் என்பது அவர்கள் கணிப்பு. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

இதற்குள் வியாபாரம் முந்திக்கொண்டது. கலிஃபோர்னியாவில் அம்ப்ரோசியா என்ற நிறுவனம் இளைஞர்களின் பிளாஸ்மாவை லிட்டர் 8,000 டாலருக்கு ஏற்றியது. பெயர் ஆய்வு. காசு கட்டுவதோ ஆய்வுக்கு வருபவர். ஒப்பிட்டுப் பார்க்க வெறும் உப்புநீர் ஏற்றிய குழுவும் கிடையாது. 2019 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்ததும் நிறுத்திக்கொண்டது.

இவ்வளவு பணம் கொட்டியவர் 'ஒரு பலனும் இல்லை' என்று வாய்திறப்பாரா? ஒருவர் திறந்தார். கோடீஸ்வரர் பிரையன் ஜான்சன் 2023-ல் தம் 17 வயது மகனின் பிளாஸ்மாவை ஏற்றிக்கொண்டார். தம்முடையதைத் தம் தந்தைக்குக் கொடுத்தார். மகனிடம் இளமையைக் கடன் வாங்கிய யயாதியின் கதையில்கூட இந்தத் திருப்பம் கிடையாது! சில மாதங்களில், தமக்குப் பலன் தெரியவில்லை என்று அவரே அறிவித்தார். 2024-ல் அவர் செய்துகொண்டது, பிளாஸ்மாவை எடுத்துவிட்டு அல்புமின் ஏற்றும் சிகிச்சை.